பின்வாசல் வழியாகப் போய்ப் பாருங்கள் தம்பி

கேள்வி: தங்கைக்குக் கார்த்திகை கடைசி வாரத்தில் கல்யாணம். எங்கள் ஊர் கேரளத்துக்குள் எல்லையோரம் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, மாப்பிள்ளை வீடு பொள்ளாச்சி. தாலி கட்டுவது எங்கள் ஊர்க் கோயிலில், காலை பத்தரை மணிக்கு மேல். வரவேற்பும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. இரண்டு பக்கமும் சேர்த்து 900 பேர் வரலாம். மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறோம். பாலக்காடு பக்கம் நெடுஞ்சாலையோரம் ஒரு புது ஏசி ஆடிட்டோரியம். 1000 நாற்காலி, பந்திக்கூடத்தில் 400 பேர், ஒரு வேளைக்கு வாடகை 1,80,000. அடுத்தது பொள்ளாச்சி அருகே தென்னந்தோப்புக்குள் புல்வெளியோடு ஒரு ரிசார்ட். தங்கைக்கு இதுதான் ஆசை. மூன்றாவது எங்கள் ஊரிலேயே இருக்கும் பழைய கல்யாண மண்டபம். ஏசி கிடையாது, பந்தியில் 200 பேர் உட்காரலாம், முதல் நாள் மதியம் முதல் மறுநாள் மூன்று மணி வரை 85,000. ரிட்டயர்டு வாத்தியாரான அப்பா "நம்ம மண்டபம் போதும்" என்கிறார். மாப்பிள்ளை வீட்டில் முதல் நாள் மாலையே ரிசப்ஷன் கேட்கிறார்கள். அப்பாவோடு வேலை பார்த்த மலையாளி ஆசிரியர்கள் எல்லாம் மதியச் சத்யாவுக்குத்தான் (கேரளத்து இலை விருந்து) வருவார்கள். எந்த மாதிரி இடம் எங்களுக்குச் சரிப்படும்?

– ஒரு அண்ணன், கொழிஞ்சாம்பாறை

பதில்:

தம்பி, 900 பேர் என்று படித்ததும் நான் தேடியது அந்த 900 பேரும் எத்தனை மணிக்கு வருவார்கள் என்பதைத்தான். கடைசி இரண்டு வரியில் நீங்களே அதை எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஏதோ வீட்டுக்குள் நடக்கும் இழுபறி மாதிரி எழுதிவிட்டீர்கள். மாப்பிள்ளை வீட்டார் மாலை கேட்பதும் அப்பாவின் நண்பர்கள் மதியம் வருவதும் உங்களுக்குத் தொல்லையாகத் தெரிகிறது. எனக்கு அதில்தான் விடை தெரிகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இந்தத் தொழிலுக்கு மேடை அலங்காரம் வழியாக வரவில்லை. ஒரு சமையல் கான்ட்ராக்டரிடம் கணக்கு எழுதப் போனவன், அங்கிருந்து பாத்திர வாடகை, பந்தல், அப்புறம் முழுக் கல்யாணம் என்று வந்து சேர்ந்தேன். அதனால் எந்த மண்டபத்தைப் பார்க்கப் போனாலும் முன்வாசல் பக்கம் போகாமல் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் சமையல்கட்டு, பந்திக்கூடம், கைகழுவும் இடம் இந்த மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் மேடைக்கு வருவேன். மேனேஜர்கள் என்னைத் தொங்கும் கண்ணாடி விளக்குக்கடியில் நிற்க வைத்துப் பேச ஆசைப்படுவார்கள், நான் பாட்டுக்குக் கழிவுநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பேன். இது என் சாய்வு என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கல்யாணம் முடிந்து வேன் ஏறுகிற சனம் என்ன பேசிக்கொண்டு போகிறது என்று ஒருநாள் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எல்லைப் பக்கத்துக் கல்யாணங்களில் இரண்டு கடிகாரம் ஓடும். பொள்ளாச்சி, உடுமலை, கோவைப் பக்கம் முகூர்த்தம் பெரும்பாலும் விடியற்காலை அல்லது காலை, அதனால் கூட்டம் மொத்தமும் முதல் நாள் மாலை ரிசப்ஷனுக்கு வந்துவிடும். ஆறரைக்கு நாலு பேர், ஏழரைக்கு நாற்பது பேர், எட்டரைக்கு நிரம்பி வழியும், ஒன்பதே முக்காலுக்குக் கடையடைத்துவிட்டு வருகிறவர்கள் என்று பரவலாக வருவார்கள். மொய் எழுதி, மேடையேறி, சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, வாசலில் நின்று அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் கிளம்புவார்கள். கேரளத்துப் பக்கம் கதையே வேறு. முகூர்த்தம் பத்து, பதினொன்று, பதினொன்றரை என்று இருக்கும். தாலி கட்டி முடித்த அடுத்த நிமிடம் மொத்தக் கூட்டமும் பந்திக்கூடத்துக் கதவை நோக்கித் திரும்பும். ஒன்றரைக்கெல்லாம் பார்க்கிங் காலி. குறை சொல்லவில்லை, எனக்கு அந்தச் சுருக்கம் பிடிக்கும்.

இதனால்தான் அந்தப் பக்கத்து ஆடிட்டோரியங்களில் பந்திக்கூடம் பெரிதாக இருக்கும், வாடகையும் வேளைக் கணக்கில் இருக்கும். நம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் பந்திக்கூடம் சிறியது, ஆனால் ஒன்றரை நாள் வாடகை, தங்க அறைகள், மணமகள் அறை, விடிய விடிய சீர் செய்ய இடம் எல்லாம் இருக்கும். இரண்டும் வேறு வேறு பழக்கத்துக்குக் கட்டப்பட்டவை. கட்டடம் புதிதா பழையதா, ஏசியா விசிறியா என்பதெல்லாம் அதற்கப்புறம்.

இப்போது கணக்குப் போடுங்கள். மாலை டிபன், இலைச் சாப்பாடு எதுவானாலும் ஒரு பந்தி உட்கார்ந்து எழுந்து, இலை எடுத்து, மேசை துடைத்து, அடுத்த இலை போட 40 நிமிடம். சத்யாவுக்கு 45 வைத்துக்கொள்ளுங்கள், பிரதமன் பாயசம் ஊற்றிய பிறகும் மோருக்கு இன்னொரு கை சோறு வாங்குகிறவர்கள் உண்டு, அவர்களை விரட்ட முடியாது. உங்கள் ஊர் மண்டபத்தில் 200 இலை. ஒரே மாலையில் 900 பேரையும் கூப்பிட்டால் ஏழு மணிக்கு முதல் பந்தி போட்டு, ஒன்பது நாற்பதுக்கு நான்காவது பந்தி எழும்போது 800 பேர்தான் சாப்பிட்டிருப்பார்கள். அதுவும் ஒவ்வொரு பந்தியும் ஓர் இலைகூடக் காலியில்லாமல் நிரம்பினால். நிரம்பாது. இரண்டு பேருக்கு நடுவில் ஒரு நாற்காலியைப் பிடித்து வைத்துக்கொண்டு "ஆள் வர்றாங்க" என்று சொல்லும் பெரியம்மா இல்லாத பந்தியை நான் இதுவரை பார்த்ததில்லை.

இந்தக் கணக்கைப் பார்த்துப் பயந்துதான் எல்லோரும் பெரிய ஆடிட்டோரியத்துக்கு ஓடுகிறார்கள். ஆனால் உங்கள் வீட்டில் நடக்கப்போவது 900 பேர் விசேஷம் ஒன்று இல்லையே. மாலை 400 பேர், மறுநாள் மதியம் 500 பேர் என்று இரண்டு விசேஷம். மாப்பிள்ளை வீட்டில் ராத்தங்கி மதியமும் சாப்பிடுகிறவர்கள் ஒரு 150 பேர் இருப்பார்கள் என்று நானாகக் கூட்டிக்கொண்டால் மதியம் 650. மாலை 400 என்பது 200 இலையில் தாராளமாக மூன்று பந்தி. மதியம் பதினொன்றரைக்கு முதல் இலை போட்டால் இரண்டரைக்குள் நாலு பந்தி, 800 பேர் வரை தாங்கும். நாலாவது பந்தி எப்போதும் வீட்டார் பந்தி, அதில் நீங்களும் உட்காருவீர்கள் என்று நம்புகிறேன். பெண்ணின் அண்ணன் சாப்பிடாமலே விட்ட கல்யாணங்கள்தான் அதிகம்.

அதாவது, அப்பா சொல்வது சரி. அவர் சொல்லும் காரணம் வேறாக இருக்கலாம். உங்கள் ஊர் மண்டபத்து வாடகையில் இரண்டு வேளையும் அடங்கிவிடுகிறது. ஆடிட்டோரியத்தில் அதே இரண்டு வேளைக்கு 3,60,000. பில் போட்டால் மண்டப வாடகைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். வேளைக்கு 1,80,000 என்று அவர்கள் சொன்னது வரி சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டீர்களா? சேர்க்காமல் என்றால் ஒரு வேளைக்கே 2,12,400 ஆகிவிடும்.

ஆனால் மதியம் மட்டும், ஒரே வேளையில், 900 பேரும் என்றால் நானே உங்களை அந்த ஆடிட்டோரியத்துக்கு அனுப்பியிருப்பேன். 400 இலை என்றால் மூன்று பந்தியில் முடிந்துவிடும். அதற்காகவே கட்டிய இடம் அது.

ஏசி பற்றி. மீனத்தில், மேடத்தில், அதாவது நம் பங்குனி, சித்திரையில், பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் கல்யாணம் என்றால் ஏசி இல்லாத மண்டபத்தைப் பற்றி நான் பேசவே மாட்டேன், பட்டுப் புடவையில் பெண் மயங்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் வைத்திருப்பது கார்த்திகைக் கடைசி. ராத்திரி எட்டு மணிக்குச் சால்வை தேடுவார்கள். ஏசிக்குக் கொடுக்கும் காசை ஜெனரேட்டருக்குக் கொடுங்கள். ஏசி மண்டபம் பார்க்கிறவர்களுக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன்: கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, விளக்கும் விசிறியும் மட்டுமா என்று கேளுங்கள். "ஜெனரேட்டர் இருக்குங்க" என்று மட்டும் பதில் வரும். ஜன்னல் இல்லாத ஏசி ஹாலில் ஏசி நின்றால் பத்து நிமிடத்தில் ஆயிரம் பேரும் வெளியே வந்துவிடுவார்கள்.

இனி தங்கையின் தென்னந்தோப்பு. இதைச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை, ஏனென்றால் அது உண்மையிலேயே அழகான இடமாகத்தான் இருக்கும், அந்தி வெளிச்சத்தில் தென்னை நிழல் விழுகிற புல்வெளியில் எடுத்த போட்டோவுக்கு எந்த மண்டப மேடையும் ஈடாகாது. ஆனால் நீங்கள் இருப்பது பாலக்காட்டுக் கணவாய் வாசலில். மலையாளத்தில் விருச்சிகக் காற்று என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் கார்த்திகைதான் அவர்கள் விருச்சிகம். கிழக்கிலிருந்து வறண்டு வரும் காற்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் நமக்கென்று விட்டிருக்கும் அந்த ஒரு சந்தில் நுழைவதற்கு முன்னால் பொள்ளாச்சி, பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் முழுக்க இழுத்துக்கொண்டு போகும். போதாக்குறைக்கு வடகிழக்குப் பருவமழையும் அந்த நேரத்தில் முழுசாக முடிந்திருக்காது. மழை இல்லாவிட்டால் காற்று, காற்று இல்லாவிட்டால் மழை.

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்ததில்லை. சில வருடங்களுக்கு முன் இதே மாதத்தில், எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு தோப்பில் ரிசப்ஷன் ஒப்புக்கொண்டேன். பகல் முழுவதும் இலை அசையவில்லை. ஆறு மணிக்கு ஆரம்பித்தது. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த துணித்திரை பாய்மரம் மாதிரி உப்பியது, இரண்டு பையன்கள் அதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு முழு ரிசப்ஷனும் நின்றார்கள், போட்டோவில் அவர்கள் விரல்கள் மட்டும் தெரியும். பந்தியில் வாழை இலை நிற்கவில்லை. ஒவ்வொருவரும் இலையின் நுனியில் தண்ணீர் டம்ளரை வைத்து, அடியில் உப்புக் கிண்ணத்தை வைத்து, நடுவில் ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறுகையால் சாப்பிட்டார்கள். தோசைக் கல்லுக்குக் கீழே நெருப்பு ஒரு பக்கமாகவே எரிந்தது, தோசை பாதி வெள்ளை பாதி கருப்பு. சமையல்காரர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அடுப்பைச் சுற்றித் தகரம் அடித்துக்கொண்டே ஒரு பார்வை பார்த்தார். அந்தத் தவறு முழுக்க என்னுடையது. அந்த வருடத்திலிருந்து கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதமும் திறந்தவெளியில் சாப்பாடு வைக்க நான் ஒப்புக்கொள்வதில்லை.

இன்னொன்று, ராத்திரி பத்து மணிக்கு மேல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000இல் வந்த ஒலி மாசு விதி, நாடு முழுவதற்கும் ஒன்றுதான். நாலு சுவருக்குள் சத்தம் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளலாம். தோப்பில் அது முடியாது, பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒரு போன் போட்டால் போதும்.

தங்கையின் ஆசையை அப்படியே தள்ளிவிடவும் வேண்டாம். முதல் நாள் காலை, காற்று ஓய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, அதே தோப்பில் மெஹந்தியோ நலங்கோ வையுங்கள். அறுபது எழுபது பேர், இரண்டு வீட்டுப் பிள்ளைகள், டிபன் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போய்விடலாம். போட்டோக்காரரை அங்கே வரச் சொல்லுங்கள். அவள் கேட்டது புல்வெளியும் வெளிச்சமும்தானே, 900 பேருக்கு அங்கே சாம்பார் ஊற்றச் சொல்லி அவள் கேட்கவில்லை.

நெடுஞ்சாலையோரத்து ஆடிட்டோரியத்தை வேண்டாம் என்பதற்கு வாடகையைத் தவிர இரண்டு காரணம் உண்டு. ஒன்று சபரிமலை. விருச்சிகம் ஒன்றிலிருந்து 41 நாள் மண்டல காலம், உங்கள் தேதி அதற்குள் வருகிறது. ஆந்திரா, கர்நாடகா, நம் பக்கம் என்று ஏராளமான வண்டிகள் வாளையார் வழியாக அந்தச் சாலையில் இறங்கும். மண்டபம் சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் எங்கே திரும்ப வேண்டும், எத்தனை கிலோமீட்டர் போய்ச் சுற்றி வர வேண்டும் என்று ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாக உங்கள் ஊருக்கு வருகிறவர்களை ஏன் அங்கே வரை இழுக்க வேண்டும்? மாலை போட்டிருக்கும் உறவினர்களும் இருப்பார்கள், அதனால் மாலை விருந்தில் பிரியாணி என்று யாராவது சொன்னால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பல கல்யாண மண்டபங்களில் அசைவம் சமைக்கவே விடமாட்டார்கள் என்பது வேறு.

இரண்டாவது காரணம் இந்த வேளை வாடகை. மாலை நாலு மணிக்கு உங்களுக்குச் சாவி என்பார்கள். அன்று மதியம் அங்கே வேறு கல்யாணம் இருக்கும். ஒருமுறை ஒரு ஆடிட்டோரியத்தில் எங்களுக்கு நாலு மணி என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள், ஐந்தே காலுக்கும் மதியப் பார்ட்டியின் பாத்திரம் சமையல்கட்டில் கிடந்தது, எங்கள் பூக்காரர்கள் மல்லிகைக் கூடையோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள், மாப்பிள்ளை கார் வந்து நின்றபோது மேடையில் இன்னும் வேறொரு பெண்ணின் பெயர் தெர்மாகோலில் மின்னிக்கொண்டிருந்தது. வேளை வாடகை எடுக்கிற யாரும், அதே நாளில் முன்வேளை புக் ஆகியிருக்கிறதா, ஆகியிருந்தால் அவர்கள் காலி செய்யத் தாமதமானால் என்ன கழிவு என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னதற்கு அந்த நேரத்தில் ஒரு மதிப்பும் கிடையாது.

ஆகவே ஊர் மண்டபம். ஆனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் நீங்கள் போய் பார்க்க வேண்டியது சில உண்டு, அப்பாவுக்கு அந்த மண்டபத்தின் மேல் இருக்கும் பாசத்தில் இதெல்லாம் கண்ணில் படாது.

200 பேர் என்று அவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். மேசை வரிசைகளை எண்ணுங்கள், ஓர் ஆளுக்கு இரண்டு அடியாவது வேண்டும், இலைக்கு இலை இடித்தால் பரிமாறுகிறவர் உள்ளே நுழைய முடியாது. இரண்டு வரிசைக்கு நடுவில் சாம்பார் வாளியோடு ஓர் ஆளும் எதிரே பொரியல் தூக்கோடு ஓர் ஆளும் உரசாமல் கடக்க முடிகிறதா என்று நீங்களே ஒரு நண்பனோடு நடந்து பாருங்கள், சிரிப்பார்கள், பரவாயில்லை. 170 பேர்தான் என்று தெரிய வந்தாலும் பயமில்லை, மேலே போட்ட கணக்கில் அதற்கு இடம் விட்டிருக்கிறேன். அதற்கும் கீழே போனால் எனக்குத் திரும்ப எழுதுங்கள்.

அடுத்தது பந்தி எழும் நேரம். 200 பேர் ஒரே நேரத்தில் கை கழுவ வருவார்கள். குழாய் எத்தனை என்று எண்ணுங்கள், எண்ணிவிட்டு ஒவ்வொன்றையும் திறந்தும் பாருங்கள். பன்னிரண்டு குழாயில் ஏழில் தண்ணீர் வரும், அதில் இரண்டு மூடாது. அந்த ஈரமான தரை வழியாகத்தான் அடுத்த பந்திக்கு வருகிறவர்கள் உள்ளே நுழைய வேண்டும் என்றால் பெரியவர்கள் வழுக்கி விழுவது நிச்சயம். உள்ளே வர ஒரு கதவு, வெளியே போக ஒரு கதவு வேண்டும். ஒரே கதவு என்றால் வாசலில் நிற்பதற்கென்றே குரல் கனமான சித்தப்பா ஒருவரை நியமியுங்கள்.

தண்ணீர் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆழியாற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்று வானத்தையும் வாய்க்காலையும் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர் நீங்கள். மண்டபத்துத் தொட்டி எத்தனை லிட்டர், போர் தண்ணீரில் பருப்பு வேகுமா, வேகாது என்றால் சமையலுக்கு லாரித் தண்ணீர் யார் சொல்வது, அவ்வளவுதான்.

மேடைக்கு ஏற ஒரு படி, இறங்க ஒரு படி இருக்க வேண்டும். இறங்குகிற படி பந்திக்கூடத்துப் பக்கம் இருந்தால் கூட்டம் தானாக நகரும். 400 பேர் என்றால் ஏறக்குறைய 130 குடும்பம், ஒரு குடும்பத்துக்கு அரை நிமிடம் வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தங்கையும் மாப்பிள்ளையும் நின்றுகொண்டே இருப்பார்கள். ஏழு மணி என்று பத்திரிகையில் போட்டுவிட்டு எட்டு மணிக்குப் பெண்ணை மேடைக்கு அழைத்து வந்தால் அந்த ஒரு மணி நேரக் கூட்டமும் சேர்ந்து வரிசையாக நிற்கும், அப்புறம் பந்திக் கணக்கு எல்லாம் கெட்டுப்போகும். அழகுநிலையத்துப் பெண்ணிடம் ஆறே முக்காலுக்கு முடிக்கச் சொல்லுங்கள், ஏழேகாலுக்கு முடிப்பார். மொய் மேசையை வாசலுக்கு நேரே போடாமல், மேடையிலிருந்து இறங்கி பந்திக்குப் போகும் வழியில் ஓரமாகப் போடச் சொல்லுங்கள். மலையாளி நண்பர்கள் மதியம் கவரை நேராகக் கையில்தான் கொடுப்பார்கள், அந்த வேளைக்கு மேசையே வேண்டியிருக்காது.

வாடகைக்கு மேல் என்னென்ன என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: மீட்டர் பார்த்துக் கரண்டுக்கு, ஜெனரேட்டர் டீசலுக்கு, கூட்டிப் பெருக்க, பாத்திரத்துக்கு, அறைகளுக்குத் தனியாக உண்டா, வெளியிலிருந்து சமையல்காரர் வந்தால் ஏதாவது கட்ட வேண்டுமா. 85,000 என்பது இதெல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்தைத் தாண்டும் என்று இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

சமையலுக்கு என் யோசனை இரண்டு ஆள். மாலைக்குப் பொள்ளாச்சியிலிருந்து, மதியச் சத்யாவுக்குப் பாலக்காட்டிலிருந்து. ஒரே ஆள் இரண்டையும் செய்வேன் என்பார், அவியலில் சீரகத்தை அள்ளிப் போட்டு கூட்டு மாதிரி கொண்டுவருவார், அப்பாவின் நண்பர்கள் மரியாதைக்காகச் சாப்பிடுவார்கள். இரண்டு சமையல்காரர்களும் ஒரே சமையல்கட்டில் மோதிக்கொள்ளாமல் இருக்க, முதல் ஆள் ராத்திரி பதினொன்றுக்குள் அடுப்பைக் காலி செய்ய வேண்டும் என்று இருவருக்கும் எதிரெதிரே உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப், பிளாஸ்டிக் இலை எதுவும் வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலிருந்தும் கேரளத்தில் 2020 ஜனவரியிலிருந்தும் தடைதான், ஆனாலும் டெம்போவில் ஒரு மூட்டை எப்படியாவது வந்து இறங்கிவிடும். உங்கள் பஞ்சாயத்துக்காரர்கள் இதில் விடமாட்டார்கள். எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுத்து, கழுவ இரண்டு பேர் கூடுதலாகப் போடுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து வேனோ பஸ்ஸோ பேசினால், கேரளத்துக்குள் நுழைய பெர்மிட்டும் வரியும் வாடகையில் சேர்ந்ததா என்று முதலிலேயே கேளுங்கள். கோபாலபுரத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு மாப்பிள்ளையின் மாமாவிடம் டிரைவர் காசு கேட்டால் அந்தப் பேச்சு பத்து வருடம் ஓடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரிசப்ஷன் எங்கே வைத்தாலும் கல்யாணப் பதிவுக்கு அது கணக்கில்லை, தாலி எங்கே கட்டினார்கள் என்பதுதான் கணக்கு. உங்கள் ஊர்க் கோயிலில் தாலி என்பதால் கேரள விதிப்படி 45 நாளுக்குள் உங்கள் பஞ்சாயத்தில் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் 90 நாள், அதுவும் சார்பதிவாளர் அலுவலகம் பக்கம். பொள்ளாச்சிக்காரர்கள் அந்த 90 நாளை நினைத்துக்கொண்டு "பொங்கல் கழிச்சுப் பார்க்கலாம்" என்பார்கள். பொங்கல் கழித்து என்றால் உங்களிடம் சில நாட்கள்தான் மிச்சம் இருக்கும். மணமக்கள் மறுவீடு வரும்போதே கோயில் ரசீதையும் பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு பஞ்சாயத்துக்குப் போய் வந்துவிடுங்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். வருகிற முகூர்த்த ஞாயிறன்று அந்த மண்டபத்தில் யாருடைய கல்யாணமாவது இருக்கும். பன்னிரண்டரைக்குப் போய், யாரும் கேட்டால் பெண் வீட்டு ஆள் என்று சொல்லிவிட்டு, கைகழுவும் இடத்தின் ஓரமாகக் கால் மணி நேரம் நில்லுங்கள். முதல் பந்தி எழுந்ததிலிருந்து அடுத்த இலை போடும்வரை எத்தனை நிமிடம் ஆகிறது, குழாய் எத்தனை ஓடுகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். சாப்பிட உட்காரச் சொல்வார்கள், உட்காருங்கள், ரசம் சூடாக வருகிறதா என்பதும் தெரிந்துவிடும்.